மூன்று எழுத்து தட்டினால் மருந்து வரும்... எந்த மருந்து?

மருத்துவமனையும் மருந்துக் கடையும் கணினிக்கு மாறிவிட்டன. பி.பார்ம் வகுப்பறை மாறிவிட்டதா? புதுச்சேரியிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

காலை பதினொரு மணி. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை வாசலில் ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் பத்துப் பேர் இறங்குகிறார்கள், இருபது பேர் ஏறுகிறார்கள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, பிளாஸ்டிக் கவருக்குள் மடித்த காகிதங்களோடு வெளியே வருகிற நேரம். சாலையோர மெடிக்கலில், விரல் மூட்டெல்லாம் வீங்கிய ஓர் அம்மா சீட்டை நீட்டுகிறார். முடக்குவாதம். கவுண்டரில் நிற்கும் இளைஞர் சீட்டைப் பார்த்தபடியே விசைப்பலகையில் மூன்று எழுத்து தட்டுகிறார்: எஃப், ஓ, எல்.

திரையில் பட்டியல் விழுகிறது. அதில் 'ஃபோல்வைட்' இருக்கிறது. அதே பட்டியலில் 'ஃபோலிட்ராக்ஸ்' இருக்கிறது. முன்னது ஃபோலிக் ஆசிட், ஒரு வைட்டமின். பின்னது மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து. முடக்குவாதத்துக்கு அதைச் சிறிய அளவில் வாரத்தில் ஒரே ஒரு நாள் கொடுப்பார்கள். அதன் பக்கவிளைவைத் தணிக்கத்தான் ஃபோலிக் ஆசிட். ஆக, முடக்குவாதச் சீட்டில் இரண்டும் சேர்ந்தே வரும். ஒன்று வாராந்தரம், மற்றது பெரும்பாலும் மீதி நாட்களுக்கு. இடம் மாறிப் போனால், வாரம் ஒரு தடவை உள்ளே போக வேண்டிய மருந்து தினமும் போகும். வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை செயலிழக்கும், ரத்த அணுக்கள் சரியும். உலகெங்கும் உயிரைக் குடித்திருக்கிற தவறு இது.

கவுண்டர் இளைஞர் சரியாகத்தான் எடுக்கிறார். "அம்மா, இது புதன்கிழமை மட்டும். இது மத்த நாளுக்கு. மாத்திப் போட்ராதீங்க" என்று அட்டையின் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் தருகிறார். பில் அச்சாகிறது. அடுத்த சீட்டு நீள்கிறது.

பட்டியலைக் கொட்டியது மென்பொருள். இரண்டு பெயருக்கும் நடுவே இருக்கிற ஆபத்தைப் பார்த்தது மனிதக் கண். அந்தக் கண்ணைப் பழக்க வேண்டிய இடம் கல்லூரி. மருந்தியல் பட்டப்படிப்பில் சுகாதாரத் தகவல் தொழில்நுட்பம் எப்படிச் சொல்லித் தரப்படுகிறது என்ற கேள்வி புதுச்சேரியில் கூர்மையாக எழுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஆறில் ஒன்று

2020 ஆகஸ்ட் 15 அன்று தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, அது முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. சண்டிகர், லடாக், தாத்ரா நகர் ஹவேலி மற்றும் டாமன் டையூ, அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு, புதுச்சேரி. நாடு முழுமைக்கும் அது 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்ற பெயரில் விரிந்தது 2021 செப்டம்பர் 27-ல். சென்னைக்காரருக்கு முன்பே புதுச்சேரிக்காரருக்கு டிஜிட்டல் சுகாதார அடையாள எண் கையில் வந்தது. இன்று 'ஆபா' என்று சொல்லப்படுகிற 14 இலக்க எண் அதுதான்.

இந்த எண்ணோடு நோயாளி சம்மதித்தால், அவருடைய ஆய்வக அறிக்கை, டிஸ்சார்ஜ் சுருக்கம், தடுப்பூசிப் பதிவு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் இணைக்கலாம். மருந்துச் சீட்டு என்பது அங்கே கிறுக்கிய காகிதமாக இருக்காது. மருந்தின் பெயர், வலிமை, வேளை, நாட்கள் என்று கட்டம் கட்டமாகப் பிரிந்த தரவு அது. ஒரு மருத்துவமனையின் மென்பொருள் எழுதுவதை வேறொரு மருந்தகத்தின் மென்பொருள் பிழையில்லாமல் படிக்க வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுமொழி வேண்டும். அதற்காகத்தான் எஃப்.எச்.ஐ.ஆர். என்கிற தரவுப் பரிமாற்ற முறையும், ஸ்னோமெட் என்கிற மருத்துவச் சொல்தொகுதியும் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஸ்னோமெட்டில் இந்தியா 2014 முதலே உறுப்பு நாடு.

புதுச்சேரிக்கு வேறு வசதிகளும் உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலான ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. அதே கோரிமேட்டில்தான் புதுச்சேரி அரசின் அன்னை தெரசா சுகாதார அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. சென்டாக் மாணவர் சேர்க்கை வழியாக இடம் பெற்று மாணவர்கள் அங்கே பி.பார்ம் படிக்கிறார்கள். நகருக்குள் இந்திரா காந்தி அரசுப் பொதுமருத்துவமனை, எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. பெரிய மருத்துவமனை, அரசு மருந்தியல் கல்லூரி, டிஜிட்டல் சோதனைக்களம் மூன்றும் ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் அடங்கிய ஊர் நாட்டில் அதிகம் இருக்காது.

இரண்டாம் பருவத்துக் கணினி

பி.பார்ம் மாணவர் கணினியைச் சந்திப்பது முதலாண்டில், இரண்டாம் பருவத்தில். இந்தியப் பார்மசி கவுன்சிலின் பாடத்திட்டத்தில் அந்தத் தாளின் பெயர் 'மருந்தியலில் கணினிப் பயன்பாடுகள்'. நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம்தான். புதுச்சேரிக்கென்று தனியாக இல்லை.

தாளைத் திறந்தால் முதல் அலகிலேயே இரும எண், எண்ம எண், பதினாறடிமான எண், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுவது, இரண்டின் நிரப்பி. பிறகு ஹெச்.டி.எம்.எல்., எக்ஸ்.எம்.எல்., சி.எஸ்.எஸ். பிறகு தரவுத்தளம். மூன்றாவது அலகுக்கு வந்தால்தான் மருந்தகம் கண்ணில் படுகிறது. மின்னணு மருந்துச் சீட்டு, பார்கோடு மூலம் மருந்தை அடையாளம் காண்பது, தானியங்கி விநியோகம், நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கைபேசி வழியே கண்காணிப்பது ஆகிய எல்லாம் அங்கே இருக்கின்றன. பாடத்திட்டம் எழுதியவர்களுக்கு இவை தெரியாமல் இல்லை. அது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் எல்லாம் ஒரே அலகில், பெயர்ப் பட்டியலாக. அடுத்த அலகில் உயிர்த்தகவலியல் வந்துவிடுகிறது.

எந்த வயதில் வருகிறது என்பது இதைவிடப் பெரிய சங்கடம். இரண்டாம் பருவ மாணவருக்கு மருந்து வினையியல் இன்னும் தொடங்கவில்லை. நான்காம் பருவத்தில்தான் வரும். மருத்துவமனை மருந்தகம், நோயாளி ஆலோசனை, மருந்துப் பக்கவிளைவு எல்லாம் பேசுகிற 'பார்மசி பிராக்டிஸ்' தாள் ஏழாம் பருவத்தில். மெத்தோட்ரெக்சேட் என்றால் என்ன என்று தெரியாத ஒரு மாணவரிடம், மெத்தோட்ரெக்சேட்டைத் தவறாகக் காட்டாத மென்பொருளைப் பற்றி எப்படிப் பேசுவது? மருந்து தெரியும்போது கணினி வகுப்பு முடிந்துபோயிருக்கிறது. கணினி வகுப்பு நடக்கும்போது மருந்து தெரியவில்லை.

ஆறு ஆண்டு பார்ம்.டி. படிப்பு 2008-ல் வந்தது. அதில் நான்காம் ஆண்டில், உயிர்ப்புள்ளியியல் தாளின் ஒரு பகுதியாக மருத்துவமனை மருந்தகக் கணினிமயமாக்கம் வருகிறது. நோயாளியின் மருந்துக் கோப்பு, மருந்து ஆணைப் பதிவு, இருப்புக் கட்டுப்பாடு என்று தலைப்புகள் சரியாகவே இருக்கின்றன. வயதும் சரி, இடமும் சரி. தாள்தான் புள்ளியியலுடையது. தேர்வுக்கு முந்தைய இரவில் மாணவர் எதைப் படிப்பார், எதை விட்டுவிடுவார் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததா?

கவுண்டரில் அதிகம் நிற்பவர்கள் இரண்டு ஆண்டு டி.பார்ம் முடித்தவர்கள். 2020-ல் புதுப்பிக்கப்பட்ட அவர்களுடைய பாடத்திட்டத்தில் மின்னணு சுகாதாரப் பதிவும் மருந்தக மென்பொருளும் இரண்டாம் ஆண்டு மருத்துவமனை மருந்தகப் பாடத்துக்குள் ஒரு சிறு தலைப்பாக இடம்பெற்றன.

■ பெட்டி: செய்முறை நோட்டில் என்ன இருக்கிறது?

பி.பார்ம் இரண்டாம் பருவக் கணினிச் செய்முறையில் மாணவர் செய்து காட்ட வேண்டியவற்றில் சில:
• ஒரு நோய் பற்றித் தகவல் திரட்ட வேர்டில் கேள்வித்தாள் அமைப்பது
• தன்னைப் பற்றி ஒரு வலைப்பக்கம் செய்வது
• ஒரு மருந்தையும் அதன் பக்கவிளைவையும் இணையத்தில் தேடி எடுப்பது
• அஞ்சல் முகவரிச் சீட்டு அச்சிடுவது
• எம்.எஸ். அக்சஸில் நோயாளி விவரத் தரவுத்தளம் அமைப்பது, திருத்துவது, அறிக்கை எடுப்பது
• தரவை எக்ஸ்.எம்.எல். பக்கமாக ஏற்றுமதி செய்வது

இந்தத் தாளுக்கும் செய்முறைக்கும் பல்கலைக்கழகத் தேர்வு கிடையாது. கல்லூரியே தேர்வு வைத்து மதிப்பெண் போடும்.
■

இந்தப் பட்டியலைக் கேலி செய்வது சுலபம், நியாயம் இல்லை. எக்ஸ்.எம்.எல். தெரிந்தவருக்கு, கட்டமைத்த மருந்துச் சீட்டு என்றால் என்ன என்று பத்து நிமிடத்தில் புரியவைக்கலாம். அக்சஸில் அட்டவணை போடத் தெரிந்தவர் மருந்து விதிகளின் 'எச்1' அட்டவணைக்கான விற்பனைப் பதிவேட்டை அமைக்கலாம். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் அடங்கிய அந்த அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனியாகக் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். காகித நோட்டில் அது இன்ஸ்பெக்டருக்காக எழுதுகிற கணக்கு. தரவுத்தளத்தில் போட்டால், இந்தத் தெருவில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு போகிறது என்று சொல்கிற ஆவணம். கருவி ஒன்றே, எதற்கென்று சொல்லித் தருகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

யார் சொல்லித் தருவது என்ற சிக்கலும் உண்டு. கணினி படித்துவிட்டு வந்த ஆசிரியருக்கு மருந்தகக் கவுண்டர் பழக்கமில்லை. மருந்தியல் படித்த ஆசிரியருக்குத் தரவுத்தளம் அந்நியம். இருவரும் ஒரே வகுப்பறையில் நிற்கிற மாதிரி நேர அட்டவணை போடுவதற்கு வழி இல்லை. இந்த இடைவெளியில்தான் பாடம் பெயர்ப் பட்டியலாகச் சுருங்குகிறது.

38½ மாத்திரை

மென்பொருள் வந்துவிட்டால் கையெழுத்துப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் 2013 ஜூலையில் நடந்தது. மருத்துவர் ராபர்ட் வாக்டர் தன்னுடைய 'தி டிஜிட்டல் டாக்டர்' நூலில் அதை அடி அடியாகப் பதிவு செய்திருக்கிறார். உலகின் முன்னணி மருத்துவமனைகளில் ஒன்று, விலையுயர்ந்த மென்பொருள், மாத்திரை எடுத்துப் பொட்டலம் போட ரோபோ, படுக்கையருகே பார்கோடு ஸ்கேனர். எல்லாம் இருந்தன.

பதினாறு வயதுச் சிறுவன், எடை 38.6 கிலோ. தினமும் இருவேளை ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தவன். 40 கிலோவுக்குக் குறைவு என்பதால் எடைக்கணக்கில் மருந்தளவு போட வேண்டும் என்பது அங்கே விதி. டாக்டர் போட்டார், கணக்கு 193 மில்லிகிராம் என்று வந்தது. மாத்திரையோ 160 மில்லிகிராம். வித்தியாசம் அனுமதித்ததைவிட அதிகம் என்பதால், சரியாக 160 என்று திருத்திப் போடும்படி மருந்தாளுநர் டாக்டருக்குச் செய்தி அனுப்பினார். அவர் தன் கடமையைச் செய்தார். டாக்டர் 160 என்று தட்டினார். கட்டத்தின் அலகு அப்போது 'மில்லிகிராம்' என்றில்லை. 'ஒரு கிலோவுக்கு மில்லிகிராம்' என்றிருந்தது. 160-ஐ 38.6-ஆல் பெருக்கிய கணினி, 38½ மாத்திரை என்று விடை சொன்னது.

எச்சரிக்கை வராமல் இல்லை. டாக்டருக்கும் வந்தது, மருந்தாளுநருக்கும் வந்தது. இருவரும் தாண்டிப் போனார்கள். அந்த மருத்துவமனையில் மாதம் ஏறத்தாழ 3,50,000 மருந்து ஆணைகள். அவற்றில் கிட்டத்தட்டப் பாதிக்கு மருந்தாளுநர் திரையில் ஏதாவது ஓர் எச்சரிக்கை முளைக்கும். ஓயாமல் அடிக்கிற மணியை யார் கேட்பார்கள்? ரோபோ துல்லியமாக 38½ மாத்திரையைக் கட்டியது. செவிலியருக்குச் சந்தேகம் வந்தது. ஸ்கேனர் 'சரி' என்றது. சிறுவன் அத்தனையையும் விழுங்கினான். வலிப்பு வந்தது. நல்லவேளை, பிழைத்தான்.

இந்தக் கதையை ஒரு பி.பார்ம் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினால், இரும எண் மாற்றம் பத்து வகுப்பில் தராத ஒன்று கிடைக்கும். அலகு என்கிற சின்னக் கட்டம் எங்கே இருக்கிறது, தானாக நிரம்பியிருக்கிற மதிப்பு என்ன, எந்த எச்சரிக்கை முக்கியம், எதைத் தாண்டிப் போகலாம் என்று கேட்கிற பழக்கம் அது. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்களால் புறக்கணிக்கப்படுகின்றன என்று 2006-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. கோரிமேட்டு மெத்தோட்ரெக்சேட்டுக்கும் இதே பாடம்தான். அமெரிக்காவின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2014-லேயே சொன்ன தீர்வு எளிமையானது. வாய்வழி மெத்தோட்ரெக்சேட் என்று தட்டினால் மென்பொருளில் 'வாரம் ஒருமுறை' என்பதுதான் தானாக வர வேண்டும். தினமும் என்று மாற்ற வேண்டுமானால் காரணம் கேட்க வேண்டும். இதை மென்பொருள் நிறுவனத்திடம் கேட்டு வாங்குகிற அளவுக்கு நம் மருந்தாளுநருக்கு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும்.

அட்டையில் போட்ட வட்டம்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மருந்தின் வேளையைச் சொல்வதற்கு ஒரு மரபு இருக்கிறது. அட்டையின் பின்னால் பேனாவால் 1-0-1. இல்லாவிட்டால் காகித உறையின் மேல் கோடு. படிக்கத் தெரியாத பாட்டிக்கு, "வெள்ளை காலையில, சிவப்பு ராத்திரியில". அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வரும்; நிறம் மாறிவிடும். பாட்டி வெள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார்.

புதுச்சேரியில் இது இன்னொரு மடங்கு சிக்கல். யூனியன் பிரதேசம் நான்கு துண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசும், மாஹே மலையாளம், ஏனாம் தெலுங்கு. ஏனாமிலிருந்து ஒருவர் சிகிச்சைக்கு இங்கே வந்து, ஆங்கிலத்தில் அச்சான சீட்டை வாங்கி, தமிழில் ஆலோசனை கேட்டு, ஊருக்குத் திரும்பித் தெலுங்கில் யோசித்து மாத்திரை போடுகிறார். கட்டமைத்த தரவாக மருந்துச் சீட்டு இருந்தால், 'புதன்கிழமை மட்டும்' என்ற ஒரே பதிவிலிருந்து மூன்று மொழியிலும் சீட்டு அடிக்கலாம். தொழில்நுட்பம் கடினமானதில்லை. செய்ய வேண்டும் என்று தோன்றுகிற ஆள்தான் வேண்டும்.

2015-ன் பார்மசி பிராக்டிஸ் ஒழுங்குமுறை, நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் பொறுப்பாக்கியது. மருந்துச் சீட்டுப் பதிவுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்கவும் சொல்கிறது. இப்போது பெரும்பாலான கடைகளில் கணினி இருப்பது பில் போடவும் சரக்கு பார்க்கவும் ஜி.எஸ்.டி. கணக்குக்கும். அதற்குத் தெரியும், எத்தனை அட்டை மீதி இருக்கிறது என்று. அந்த அம்மா போன மாதம் என்ன வாங்கினார் என்பதை அதனிடம் யாரும் கேட்பதில்லை.

சரக்குப் பக்கம் கணினி சாதித்ததைக் குறைத்துச் சொல்லக்கூடாது. 1994-ல் பதிவாகி 1995-ல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டந்தோறும் மருந்துக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக், கணினியில் இருப்பு என்று ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. கேரளம் 2007-ல், ராஜஸ்தான் 2011-ல் தங்கள் கழகங்களை அமைத்தபோது முன்னுதாரணமாக இருந்தது அதுதான். மருந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதை நாம் கணினியால் கண்காணிக்கக் கற்றோம். மருந்து மனிதருக்குள் போன பிறகு நடப்பதைக் கண்காணிக்கக் கற்பது பாக்கி.

■ பெட்டி: அட்டையில் ஒரு கட்டம்

2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் மேல் பார்கோடு அல்லது கியூஆர் குறியீடு கட்டாயம். அதில் இருக்க வேண்டியவை: தனி அடையாளக் குறி, மருந்தின் பொதுப்பெயர், பிராண்ட் பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண். மொத்தம் எட்டு. கைபேசி உள்ள எவரும் படித்துப் பார்க்கலாம்.
■

சொல்தா வீட்டு அட்டை

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். பிள்ளைகள் பாரிஸில், பெற்றோர் முத்தியால்பேட்டையில் என்று வாழ்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தப் பிள்ளைகள் பிரான்சில் மருந்துக் கடைக்குப் போனால் பச்சை நிற 'கார்ட் வித்தால்' அட்டையை நீட்டுவார்கள். அந்த அட்டைக்குப் பின்னால் இருக்கிறது 'தோசியே ஃபார்மசூத்திக்' என்கிற மருந்துக் கோப்பு. 2007 ஜனவரி 30-ன் சட்டத்தால் உருவானது. நோயாளி மறுப்புத் தெரிவிக்காவிட்டால், அண்மை மாதங்களில் எந்தக் கடையில் எந்த மருந்து வாங்கினார் என்பது வேறு எந்தக் கடையின் மருந்தாளுநருக்கும் தெரியும். தொடங்கியபோது நான்கு மாதக் கணக்கு. ஏதாவது ஒரு தொகுதி மருந்தைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் அந்த அறிவிப்பும் இதே வலை வழியாகக் கடைகளின் திரைக்கு வந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது, இதை நடத்துவது யார் என்பது. அரசுத் துறையோ மென்பொருள் நிறுவனமோ நடத்தவில்லை. மருந்தாளுநர்களின் தேசிய மன்றமே நடத்துகிறது. கணினி எங்கள் தொழிலின் கருவி, அதன் விதியை நாங்கள்தான் எழுதுவோம் என்று அந்த ஊர் மருந்தாளுநர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் மருந்துக் கடை மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதில் மருந்தாளுநரின் குரல் எங்கே இருக்கிறது? அந்தக் குரல் படிப்பில்தான் தொடங்க வேண்டும்.

எழுதப்படாத பக்கவிளைவு

மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு. நோயாளி முதலில் சொல்வது யாரிடம்? பெரும்பாலும் மருந்து வாங்கிய கடையில். "தம்பி, நேத்து குடுத்தது ஒத்துக்கல, வேற குடுப்பா." தம்பி வேறு கொடுப்பார். சம்பவம் அங்கேயே முடிந்துவிடும்.

அது முடிந்திருக்கக்கூடாது. 2010 ஜூலையில் இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. 2011 முதல் அதன் மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம். பக்கவிளைவு பற்றி மருந்தாளுநர் அறிக்கை அனுப்பலாம். நோயாளியே அனுப்பலாம், அதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, கைபேசிச் செயலி இருக்கிறது. இங்கிருந்து போகும் தகவல் சுவீடனின் உப்சாலாவில் உள்ள உலகத் தரவுத்தளம்வரை போய்ச் சேரும். ஏழாம் பருவ மாணவருக்கு இது பாடமாகத் தெரியும். எட்டாம் பருவத்தில் விருப்பத் தாளாகவும் எடுக்கலாம். ஒரு நிஜ அறிக்கையை, ஒரு நிஜ நோயாளியிடம் கேட்டு, நிஜத் தளத்தில் பதிந்த அனுபவத்தோடு எத்தனை பேர் பட்டம் வாங்குகிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

காசநோயிலும் இப்படித்தான். காசநோய் மருந்து வாங்க வருபவரின் விவரத்தை மருந்துக் கடையும் தெரிவிக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் அரசாணை வந்தது. 'நிக்ஷய்' என்ற தளம் அதற்கு முன்பே, 2012-லிருந்து இருக்கிறது. சட்டம் கவுண்டர்வரை வந்துவிட்டது. பழக்கம் பின்தங்கி நிற்கிறது.

ஓ.எம்.ஆரில் இறங்குகிறவர்கள்

கணினியும் மருந்தும் சேர்ந்து தெரிந்த பட்டதாரிக்கு வேலை இல்லாமல் இல்லை. சென்னையிலும் பெங்களூருவிலும் வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்காகப் பக்கவிளைவு அறிக்கைகளை வகைப்படுத்துகிற, மருத்துவக் குறியீடு போடுகிற அலுவலகங்கள் பார்மசி பட்டதாரிகளை எடுத்துக்கொள்கின்றன. குளிரூட்டிய அறை, மாதச் சம்பளம், வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளக் கம்பெனிப் பெயர். புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆர். பிடித்தால் மூன்று மணி நேரத்தில் சென்னையின் ஓ.எம்.ஆர்.

அதில் தவறு காண முடியாது. ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஏதோ ஒரு நகரத்து நோயாளிக்கு வந்த தடிப்பை, இங்கே படித்த பெண் சென்னையில் உட்கார்ந்து, உரிய குறியீட்டோடு துல்லியமாகப் பதிகிறார். கோரிமேட்டில் வந்த தடிப்பு பதிவாகாமல் போகிறது. திறமை கற்றவர்கள் வெளியேறுகிறார்கள். கவுண்டரில் இருப்பவருக்கு அந்தத் திறமையைக் கற்றுத் தரவும் இல்லை, கற்றால் அதற்கென்று ஊதியம் கூடுவதும் இல்லை. பாடத்திட்டத்தை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்துவிட முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு பொறுப்பும் கவுண்டரில் சேர்ந்திருக்கிறது. பில்லுக்குக் கைபேசி எண் கேட்காத கடை இப்போது குறைவு. எண்ணும் மருந்துப் பெயரும் சேர்ந்தால் அது வெறும் பில் இல்லை. மனநல மாத்திரை, எச்.ஐ.வி. மருந்து, கருத்தடை மாத்திரை என்று ஒருவர் வீட்டில்கூடச் சொல்லாதது அந்தக் கோப்பில் இருக்கும். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சம்மதம் கேட்பது எப்படி, எதைச் சேமிக்கலாம், யாரிடம் காட்டக்கூடாது என்பதெல்லாம் இனி மருந்தாளுநரின் தொழில் அறம். தெரு முழுக்கத் தெரிந்தவர்களே வாழ்கிற புதுச்சேரி மாதிரி ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

முகவரிச் சீட்டுக்குப் பதிலாக

பாடத்திட்டம் டெல்லியில் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செய்முறை நோட்டில் இருக்கிற பயிற்சிகளின் பொருளை மாற்றுவது ஆசிரியர் கையில் இருக்கிறது. நோயாளித் தரவுத்தளம் அமைக்கச் சொன்னால், ஒவ்வாமை என்றொரு கட்டத்தையும் சேர்க்கச் சொல்லலாம். இணையத்தில் மருந்தைத் தேடச் சொன்னால், ஒரே மாதிரி ஒலிக்கும் பத்து ஜோடிப் பெயர்களைத் தேடச் சொல்லலாம். ஏழாம் பருவத்தில், மருந்து தெரிந்த பிறகு, அதே மாணவரை அதே கணினி அறைக்கு மறுபடி அழைத்துவந்து, இரண்டாம் பருவத்தில் தான் செய்த தரவுத்தளத்தில் எத்தனை ஆபத்து இருந்தது என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

முகவரிச் சீட்டு அச்சிடுகிற பயிற்சிதான் எல்லாவற்றிலும் அருமையான வாய்ப்பு. அஞ்சல் முகவரிக்குப் பதில் மருந்து உறையில் ஒட்டுகிற ஒரு சீட்டு. தமிழில். பெரிய எழுத்தில். இதைச் செய்ய உட்கார்ந்த மாணவர் முதல் மணி நேரத்திலேயே முட்டிக்கொள்வார். கடைகளில் இருக்கிற சின்ன தெர்மல் பிரிண்டர்களில் பலவற்றுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் உள்ளேயே தெரியும். தமிழை அனுப்பினால் கேள்விக்குறி வரும். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கும். எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினால் வரும். 'வாரம் ஒரு முறை' என்று எழுதுவதா, 'புதன் மட்டும்' என்று எழுதுவதா, எது பாட்டிக்குப் புரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் கணினி அறையில் இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், பஸ்ஸுக்காக நிற்கிறவர்களிடம் காட்டி, படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். கோரிமேட்டில் அதற்குச் சாலையைக் கடந்தால் போதும்.